கிடர்பூரில் ஒரு பழைய லேசர் பிரிண்டர்: வாங்கலாமா, விடலாமா?

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகம் 1892இல் திறக்கப்பட்டது. கடல் தாண்டி வரும் சரக்கு அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சென்னைக்காரர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார் எப்படியோ, கொல்கத்தாவுக்குக் கிடர்பூரின் ஃபேன்சி மார்க்கெட் அப்படி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய அலுவலக பிரிண்டர் மலிவாகக் கிடைத்தால், முதலில் விசாரிக்க வேண்டியது அதன் பூர்வீகத்தை. உள்ளூர் அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட இயந்திரமா, கப்பலேறி வந்ததா? பழைய நகல்-அச்சு இயந்திரங்களின் இறக்குமதி உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம். அவை அடியோடு தடை செய்யப்பட்ட பொருளல்ல, அனுமதி பெற்றே கொண்டுவர வேண்டிய பொருள் என்று 2019 ஜனவரியில் அந்த நீதிமன்றம் சொன்னது.

சட்டம் இருக்கட்டும். வாங்குகிறவருக்குப் பூர்வீகம் முக்கியமாவது வோல்டேஜால்.

லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். எந்த நாட்டில் சொருகினாலும் வேலை செய்யும். லேசர் பிரிண்டர் அந்த ஜாதி இல்லை. டோனர் தூளை உருக்கிக் காகிதத்தோடு ஒட்டவைக்கும் ஃப்யூசரின் ஹீட்டர், சுவரிலிருந்து வரும் மின்சாரத்திலேயே நேராகச் சூடாகிறது. அமெரிக்காவுக்காகச் செய்த 110 வோல்ட் இயந்திரத்தை நம் ஊர் 230 வோல்ட்டில் மாட்டினால் ஆயுள் அன்றோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம்தான். ஆனால் ஃப்யூசர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலையும் கூடுதல். மலிவாக வாங்கியதன் லாபம் அதிலேயே போய்விடும். சின்ன யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். பின்பக்க ஸ்டிக்கரில் 220–240 என்று இல்லையா, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகரலாம்.

இந்தியாவில் பழைய லேசர் என்றால் பெரும்பாலும் கண்ணில் படுவது ஹெச்பி லேசர்ஜெட் 1020, எம்1005, கேனன் எல்பிபி2900. மூன்றுக்கும் வயிற்றுக்குள் போவது ஒரே வகை கார்ட்ரிட்ஜ். ஹெச்பியில் அதன் பெயர் 12ஏ, கேனனில் 303. 1984இல் வந்த முதல் லேசர்ஜெட்டுக்கே இயந்திரப் பகுதியைச் செய்து கொடுத்தது கேனன்தான். அந்தச் சம்பந்தம் இன்னும் விட்டுப்போகவில்லை. இதனால் பழைய பிரிண்டர் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி: டிரம், வைப்பர் பிளேடு, பிக்கப் ரோலர், டோனர் தூள் எதற்கும் பஞ்சமில்லை. கொல்கத்தாவின் சாந்தினி சௌக்கிலும் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். பக்கத்தில் 5 சதவீதம் மை படிந்தால் ஒரு 12ஏ சுமார் 2,000 பக்கம் வரும். பிறகு சில நூறு ரூபாயில் தூள் நிரப்பிக்கொள்ளலாம்.

பழைய லேசரை எடைபோட மெக்கானிக் வேண்டியதில்லை, கட்டை விரல் போதும். அச்சாகி வந்த எழுத்தைச் சூடு ஆறியதும் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பு விரலில் ஒட்டினால் ஃப்யூசர் ஒழுங்காகச் சூடாகவில்லை. இந்த வகை இயந்திரங்களில் செராமிக் ஹீட்டரின் மேல் மெல்லிய படலம் ஒன்று சுழல்கிறது. ஸ்டேப்ளர் பின் எடுக்காத ஒரே ஒரு தாள் உள்ளே போனால் அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். படலத்தை மட்டும் மாற்றினால் செலவு குறைவு. முழு ஃப்யூசரையே மாற்ற வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரே புள்ளியோ கறையோ தாளில் சுமார் 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் குற்றவாளி கார்ட்ரிட்ஜுக்குள் சுழலும் டிரம். 12ஏ டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு அவ்வளவு நீளம்தான் வரும். இது கார்ட்ரிட்ஜ் கோளாறு, பிரிண்டர் கோளாறு அல்ல. விலையை இறக்க இதைவிட நல்ல துருப்புச்சீட்டு கிடையாது. தாளை இழுக்காமல் அடம்பிடிப்பதும் அப்படித்தான்: ரப்பர் ரோலரும் பிரிப்பு பேடும் தேய்ந்திருக்கும், இரண்டும் மலிவு.

தாள் வெறும் வெள்ளையாக வந்தால்? அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை உருவிப் பார்ப்பது பழுதுபார்ப்பவர்களின் பழைய உத்தி. டிரம்மில் எழுத்து உருவாகியிருந்தால் லேசரும் டோனரும் நலம். தாளுக்கு மாற்றும் இடத்தில்தான் தகராறு. டிரம்மிலும் ஒன்றுமில்லை என்றால் லேசர் பகுதி வரை போக வேண்டியிருக்கும். அந்த இயந்திரத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம்.

இவையெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டவை. 1020இன் நிஜமான பலவீனம் மூளையில். மேலே இரண்டு விளக்குகள், பொத்தானே கிடையாது. தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைக்கூட ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் கணினியிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்கிறது. பக்கத்தை அமைக்கும் வேலை முழுக்க கணினியின் தலையில். ஆக, டிரைவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி. 1992இல் வந்த லேசர்ஜெட் 4க்குப் பிசிஎல் என்னும் பக்கமொழி தெரியும். அதற்குப் பல வருடம் இளைய 1020க்குத் தெரியாது. விலையைக் குறைக்க அறிவைக் குறைத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு விட்டது: பிரிண்டர் நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போகிறது. இருக்கும் டிரைவர்கள் நாளைக்கே மறைந்துவிடாது. ஆனால் கணினியை நம்பியே வாழும் பிரிண்டருக்கு இது நல்ல சகுனமல்ல. லினக்ஸில் ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவர் இருக்கிறது; ஒரு ராஸ்பெர்ரி பையில் அதைப் போட்டு 1020ஐ வீட்டு நெட்வொர்க்கில் இணைத்தவர்கள் உண்டு. பொழுதும் பொறுமையும் உள்ளவர்களுக்கான வழி அது.

இதே பழைய சந்தையில் லேசர்ஜெட் 1320 கண்ணில் பட்டால் கையை அங்கே நீட்டுவது நல்லது. அதற்குப் பிசிஎல்லும் தெரியும், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு பக்கமொழியும் தெரியும். இரண்டு பக்கமும் தானே அச்சடிக்கும். 1020க்கு மாதம் 5,000 பக்கம் உச்ச வரம்பு, இதற்கு 10,000. பச்சைப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், கணினியே இல்லாமல் தன் விவரப் பக்கத்தை அச்சடித்து நீட்டும். பழைய வண்டியில் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதுபோல அதில் மொத்தப் பக்க எண்ணிக்கையைப் பார்க்கலாம். 1020 வாங்கப் போகிறவரோ லேப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளையும் சுமந்துகொண்டு போனால்தான் சோதிக்க முடியும்.

கொல்கத்தா மழைக்காலத்தில் கடையிலேயே ஜாம் ஆகும் பிரிண்டரை உடனே ஒதுக்கிவிடவும் கூடாது. ஈரம் குடித்த காகிதம் ஃப்யூசரின் சூட்டில் சுருண்டுகொள்ளும். புதுக் கட்டைப் பிரித்துப் பத்துத் தாள் போட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு. உள்ளே கொட்டிக் கிடக்கும் டோனரை வீட்டு வேக்குவம் கிளீனரால் இழுக்கக் கூடாது. அந்த நுண்தூள் ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும். கையில் பட்டதைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவலாம், வெந்நீர் அதை இளக்கிப் பிடிக்கவைக்கும்.

மாதத்துக்கு ஐம்பது, நூறு பக்கம் அச்சடிக்கிற வீட்டுக்கும் சிறு கடைக்கும், நல்ல ஃப்யூசர் உள்ள 220 வோல்ட் 1020 இன்னமும் லாபம்தான். இங்க்ஜெட் மாதிரி மூன்று மாதம் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை இதில் கிடையாது. ரோலர், கார்ட்ரிட்ஜ் இரண்டுக்கும் செலவு செய்யலாம். ஃப்யூசரும் சேர்ந்து மூன்றாவதாகக் கைநீட்டினால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலும் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. கியரும் மதர்போர்டும் நல்லபடியாக இருந்தால் உதிரிக்காகவே பழுதுபார்க்கும் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் மின்கழிவு: 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் பட்டியலில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் அதை ஒப்படைப்பது நல்லது.