மொறாண்டியின் போத்தல்கள்: அசைவின்மையும் இயக்கமும்

கலைஞன் தன் காலத்துக்கு முகங்கொடுக்கும் முறை யாது என்பது முற்போக்குத் திறனாய்வில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். இத்தாலிய ஓவியர் ஜோர்ஜியோ மொறாண்டி (1890–1964) இவ்வினாவைச் சிக்கலாக்குபவர். இரு உலகப் போர்களையும் பாசிச ஆட்சியையும் கண்ட இவர், பொலோஞா நகரில் சகோதரியர் மூவருடன் வாழ்ந்த வீட்டிலிருந்து போத்தல்களையும் சாடிகளையும் தகரப்பேணிகளையுமே பெரிதும் தீட்டினார். இதனைச் சமூகத்திலிருந்து ஒதுங்கல் எனக் கூறி அமைதல் எளிது. ஆயின், ஓவியங்களை நோக்காது வழங்கப்படும் தீர்ப்பு திறனாய்வாகாது.

இத்தாலிய மொழியில் இவ்வகை ஓவியம் 'இறந்த இயற்கை' எனப் பொருள்படும் பெயரைப் பெறும். மொறாண்டிக்கு இப்பெயர் பொருந்துவதில்லை. போத்தல்கள் சிலவற்றுக்கு அவர் மங்கிய வண்ணம் பூசி ஒளித்தெறிப்பை நீக்கினார். படிந்த தூசியையும் துடைக்காது விட்டார். விற்பனைப் பண்டம் என்ற அடையாளத்தை இழந்த பொருள் அங்கு வடிவமும் நிறமுமாக எஞ்சுகின்றது.

1950களின் ஓவியங்களில் அதே பொருட்கள் மீண்டும் மீண்டும் வரிசை மாறி அமைகின்றன. ஒரு கோப்பை சிறிது விலகியதும் அயலிலுள்ள சாடியின் நிறமும் நிழலும் பருமனும் வேறாகத் தோன்றுகின்றன. இரு பொருட்களுக்கு இடைப்பட்ட வெளியும் ஒரு வடிவமாகின்றது. எல்லைக்கோடு எதற்குரியது எனப் பிரித்தறிதல் அரிதாகின்றது. எப்பொருளும் தனித்து நின்று தன் பண்பைப் பெறுவதில்லை. தொடர்புகளே அதனை ஆக்குகின்றன. இயக்கவியல் கூறும் இவ்வுண்மையை மொறாண்டி கோட்பாடாகவன்றிக் கட்புலனுக்குரியதாக நிறுவுகின்றார்.

எனினும், இப்பெறுபேற்றைக் கொண்டு அவரது அரசியலை மறைத்தல் தகாது. 1926, 1929 ஆம் ஆண்டுகளில் நோவெசெந்தோ குழுவின் கண்காட்சிகளில் அவர் பங்குகொண்டார். 1928இல் வெளிவந்த தன்வரலாற்றுக் குறிப்பொன்றில் பாசிசத்தில் தமக்கிருந்த நம்பிக்கையை வெளியிட்டார். 1943இல் பாசிச எதிர்ப்பாளருடனான தொடர்பு காரணமாகச் சில நாட்கள் சிறைவைக்கப்பட்டவரும் அவரே. போரின் பின் 1948இல் வெனிஸிலும் 1957இல் சாவோ பவுலோவிலும் பரிசுகள் பெற்ற அவரை, அரசியலுக்கு அப்பாற்பட்ட துறவியாகப் பலர் போற்றினர். இம்முரண்களை நோக்குமிடத்து, 'துறவி' என்ற படிமம் வரலாற்றைத் துடைத்தழிப்பதை நாம் உணரலாம்.

மேசைமீதுள்ள பொருட்களின் உறவை இத்துணை நுணுகிக் கண்டவர், அம்மேசைக்கும் சூழ்ந்திருந்த சமூகத்துக்கும் உள்ள உறவைத் தமது கலையின் பொருளாகக் கொள்ளவில்லை. இதுவே அவரது எல்லை. ஆயினும், அசைவற்றதாகத் தோன்றுவதில் மாற்றத்தையும், தனித்ததாகத் தோன்றுவதில் தொடர்பையும் காண அவர் எமது கண்ணைப் பழக்குகின்றார். அப்பார்வையை அவர் நின்ற எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லுதல் எமது பணியாகும்.