தாமரைக்குத் தேவை பட்டா?

பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளிலே மணப்பட்டு வாங்க வருவோர் கூட்டம் குறைவதில்லை. அப்பட்டின் பளபளப்பில் மயங்கி நிற்போரிடம், அதை நெய்தவன் வீட்டுப் பட்டினியைக் காட்டிய படம் ‘காஞ்சிவரம்’. பிரியதர்ஷன் இயக்கிய இப்படம் 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நெசவாளி வேங்கடமாக வாழ்ந்து காட்டிய பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். தகுதிக்குக் கிடைத்த பரிசு. மறுப்பதற்கில்லை. ஆயினும், பாராட்டி முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

பெண் மகவு பிறந்ததும், பட்டுடுத்தி இவளை மணமகளாக்குவேன் என ஊரறிய உறுதி கூறுகிறான் வேங்கடம். சேர்த்து வைத்த பணமோ தங்கையின் மணவாழ்வு முறியாமல் காக்கச் செலவாகிறது. வேறு வழி காணாதவன் வேலைக்களத்துப் பட்டிழையை வாயில் அடக்கிக் கொணர்ந்து, இரவிலே மறைவாக நெய்கிறான். தோழர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தியவன், சேலை முடிய வேண்டுமே என்று அந்தப் போராட்டத்தையே கைவிடச் செய்கிறான். பிடிபடுகிறான், சிறை செல்கிறான். கிணற்றில் விழுந்து உடல் முடங்கிய மகள் தாமரைக்குத் தன் கையாலேயே நஞ்சூட்டி, முற்றுப்பெறாத சேலையால் அவள் உடலை மூடுகிறான். கல்நெஞ்சமும் கரையும் காட்சி!

நெய்தவனுக்கு நெய்த துணி உரியதாகாதா? இதுவே படம் கேட்கும் கேள்வி. நேர்மையான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி!

வேங்கடத்தின் சேமிப்பை விழுங்கியது எது? ஒரு பெண்ணின் மணவாழ்வு நிலைக்கக் கொடுத்த விலை. அவன் நடத்திய போராட்டத்தை முறித்தது எது? இன்னொரு பெண்ணின் திருமணம். தங்கை, மகள் என இருவர் வாழ்விலும் திருமணமே தீர்ப்பு எழுதுகிறது. முதலாளியை நோக்கி நீண்ட படத்தின் சுட்டுவிரல், வழக்கத்தின் பக்கம் திரும்பும்போது மடங்கிக்கொள்வானேன்?

காலம் அப்படிப்பட்டது என்பர் சிலர். அதே காலத்திலேதான், காஞ்சிபுரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரிலே, 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானம் இயற்றியது. படத்தில் பொதுவுடைமைக் குரல் ஊருக்குள் வருகிறது. பெண்ணுரிமைக் குரல் மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது! அந்தத் தீர்மானம் தமிழகத்தில் சட்டமாக 1989 வரை காத்திருந்தது; இந்திய நாடு முழுமைக்கும் 2005 வரை காத்திருந்தது. பட்டு கிழியும், சொத்துரிமை கிழியாது. தாமரைக்குத் தேவைப்பட்டது எது?

இன்னொன்று. நெய்தவன், நெய்தவன் என்கிறோமே, பட்டை இழைத்தவள் யார்? தார் சுற்றியவள் யார்? பிள்ளையார்பாளையத்துத் தெருக்களைக் கேளுங்கள், சொல்லும். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடெங்குமுள்ள கைத்தறித் தொழிலாளரில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது. உழைப்பிலே பெரும்பங்கு அவளுக்கு. நெசவாளி என்ற பெயரோ அவனுக்கு! வேங்கடத்தின் துயரை இழை இழையாகக் காட்டிய கலை, மனைவி அன்னத்தின் உழைப்பைத் துணைவேலையாகவே விட்டுவிட்டது.

ஆனால் நாம் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. படத்துக்குப் பின் இம்மாவட்டம் எழுதிய காட்சிகள் வேறு. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்து, மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்திலே நெடுஞ்சாலையை மறித்தனர். அவர்கள் தந்தையின் வாக்குறுதிக்காகக் காத்திருக்கவில்லை! 2023 செப்டம்பர் 15இல் இதே காஞ்சியில், தகுதியுடைய குடும்பத் தலைவியருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. உதவித்தொகை என்றல்ல, உரிமைத்தொகை என்றே பெயர். தொகை சிறிது; சொல் பெரிது.

எனினும் பழைய பூட்டு புதிய கதவிலும் தொங்குகிறது. மணமான பெண்களை ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என 2024இல் செய்தி வெளியானது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அன்று மணமின்றிப் பெண்ணுக்கு வாழ்வில்லை என்றனர். இன்று மணமானால் வேலையில்லை என்பதா? இரண்டும் ஒரே தறியில் நெய்த துணியன்றோ?

இளைஞர்களே! ‘காஞ்சிவரம்’ படத்தைப் பாருங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். துடைத்துக்கொண்ட பின் சிந்தியுங்கள். உங்கள் வீட்டுத் தங்கைக்குச் சேர்க்கும் பணம் சேலைக்கா, கல்விக்கா? வீட்டுச் சொத்திலே அவள் பங்கு எவ்வளவு? தறிக்கூலிக் கணக்கில் எவர் பெயர்? இக்கேள்விகளுக்கு விடை தரும் கலைஞன் நாளை வருவான். அவனுக்கு முன்னே, விடையை வாழ்ந்து காட்டும் பெண்கள் வந்துவிட்டனர். அவர்களைப் பற்றிய படமே இனி நமக்கு வேண்டும்.