நிறத்தால் பால் பிரித்தல்: பயனும் வரம்பும்

பொரித்த ஒரு நாள் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என்று தூவியின் நிறத்தைக் கொண்டு பிரிப்பது, கலப்பினக் கோழி வளர்ப்பில் ஏறத்தாழ நூறாண்டுகளாக வழங்கும் முறை. முட்டைக்காக வளர்ப்பவருக்குச் சேவல் குஞ்சு தின்னும் தீவனம் வீண்செலவு. முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனத்தைச் சிக்கனப்படுத்த வேண்டிய நிலையில், கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட் இம்முறையை முன்வைத்தார்.

கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போகிறது. மகளின் இசட் தந்தையிடமிருந்து வருகிறது. இறகில் வெள்ளை வரி போடும் மரபணுவும் வெள்ளி நிற மரபணுவும் இந்த இசட்டில்தான் உள்ளன. இரண்டும் ஓங்கு தன்மை உடையவை. எனவே ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வரியுள்ள பிளைமவுத் ராக் பெட்டையோடு இணைத்தால், ஆண் குஞ்சின் கரிய தலையில் வெண்புள்ளி இருக்கும். பெண் குஞ்சில் இராது. அதே சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு இணைத்தால் ஆண் குஞ்சு வெளிறிய மஞ்சளாகவும் பெண் குஞ்சு செம்பழுப்பாகவும் பொரிக்கும்.

இதன் முதல் சிறப்பு எளிமை. ஜப்பானில் 1920களில் உருவான கழிவாய்ச் சோதனைக்கு நீண்ட பயிற்சி வேண்டும்; குஞ்சைப் பிடித்து அழுத்தவும் வேண்டும். நிறமோ பார்த்த கணத்தில் தெரிகிறது, குஞ்சுக்கும் நோவில்லை. பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினங்கள் பலவற்றில் இம்முறை நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் நிறம் சான்றாவது பெற்றோர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே. இணையை மாற்றி, வரியுள்ள தூய இனச் சேவலைச் சிவப்புப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளுக்கும் தலைப்புள்ளி வந்துவிடும். கலப்புக் குஞ்சுகளையே வளர்த்துத் தமக்குள் இணைத்தாலும் பயனில்லை: அடுத்த தலைமுறையில் ஆணிலும் பெண்ணிலும் புள்ளி உள்ளவை, இல்லாதவை இரண்டும் பிறக்கும். ஆகவே பண்ணையாளர் ஒவ்வொரு முறையும் தூய தாய்தந்தை இனங்களையே நாட வேண்டியுள்ளது. சில இனங்களில் நிறமே தெரியாது: வெள்ளை லெகார்ன் கோழியின் ஓங்கு வெண்மை, அடியில் வரி மரபணு இருந்தாலும் அதை மறைத்துவிடும். பல நிறமும் பல தலைமுறைக் கலப்பும் கொண்ட நாட்டுக்கோழிக் கூட்டத்தில் கருங்குஞ்சு பெட்டை, வெளிர்குஞ்சு சேவல் என்று சொல்வது வெறும் ஊகம்.

ஒவ்வொரு முறையும் இரு இனங்களைக் கலக்க வேண்டிய குறையை நீக்கப் பன்னெட்டும் மைக்கேல் பீசும் வரி மரபணுவைத் தூய இனத்திலேயே நிலைநிறுத்திக் காம்பார் இனத்தை உருவாக்கினர். அதில் சேவல் குஞ்சுக்கு வரி மரபணு இரட்டையாகவும் பெட்டைக் குஞ்சுக்கு ஒற்றையாகவும் அமைவதால், ஆண் குஞ்சு வெளிறித் தெரிகிறது. தலைமுறைதோறும் இந்த வேறுபாடு தொடர்கிறது.

நிறத்தால் பிரிக்கும் முறையால் தீராத சிக்கல் வேறொன்று உண்டு. அது சேவல் குஞ்சை அடையாளம் காட்டுகிறது, அதற்கு வாழ்வளிப்பதில்லை. முட்டைக்கோழித் தொழிலில் பிரிக்கப்பட்ட ஆண் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுவது பெருவழக்கு. ஜெர்மனி 2022 முதல் இதைத் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பால் அறியும் நுட்பங்கள் அங்கு இடம்பிடித்து வருகின்றன. பெற்றோரின் இனம் உறுதியாக உள்ள பொரிப்பகத்தில் நிறம் நம்பத்தக்க, வலியற்ற அளவுகோல். அந்த உறுதி இல்லாத இடத்தில் அதை நம்பிக் குஞ்சு விற்பதும் வாங்குவதும் தவறு.