குப்பை: எரிப்பதா, விற்பதா?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் டெல்லி காசிப்பூர் மேடு சரிந்து இருவர் மாண்டனர். இனி மேடே கூடாது என்று இரு நாடுகளிலும் பேச்செழுந்தது. அதற்குப் பிறகு போன பாதைகள் வேறு.

கொழும்பு நெருப்பை நம்பியது. கெரவலப்பிட்டியவில் 2021இல் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 700 தொன் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் தருவதற்காகக் கட்டப்பட்டது. மிஞ்சுவதைப் புதைக்கப் புத்தளம் அறுவைக்காட்டில் ஒரு நிலம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீற்றர். கொழும்பு தின்று எறிந்ததை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று புத்தளத்து மக்கள் தெருவில் இறங்கியதில் பிழையே இல்லை.

நெருப்பில் ஒரு சிக்கல் உண்டு. இரு நாட்டு வீட்டுக் குப்பையிலும் பாதிக்கு மேல் குசினிக் கழிவு: தேங்காய்ப்பூச் சக்கை, பலாச் சடை, மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு. எல்லாம் ஈரம். எரிகிற சூட்டில் கணிசமான பங்கு அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே போய்விடும். டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் உதவியோடு கட்டிய உலை சுமார் மூன்று வாரம்தான் ஓடியது. வந்த குப்பையில் எரிகிற சத்து இல்லை. அந்தப் பாடத்துக்குப் பின்னும் இந்தியப் பெருநகரங்கள் உலையை விட்டபாடில்லை. சென்னை கொடுங்கையூரிலும் ஒன்று கட்டத் திட்டமிட, வடசென்னை மக்கள் எதிர்த்தனர்.

இந்தூர் வேறு வழியில் போனது. தேவகுராடியா மேட்டில் கிடந்த சுமார் 13 இலட்சம் தொன் பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்தார்கள். 2022இல் அங்கேயே நாளுக்கு 550 தொன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை வந்தது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆலையை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கோ, வாசலுக்கு வருகிற தனித்தனி அறைகள் கொண்ட குப்பை வண்டிதான் பெரிதாகப் படுகிறது. வீட்டிலேயே பிரிக்காத குப்பை அந்த ஆலைக்குள் போனால் வாயு வராது.

இவ்விடயத்தில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. தூய்மை இந்தியா இயக்கத்துக்கு ஆறாண்டு முன்பே, 2008இல், மத்திய சுற்றாடல் அதிகாரசபை 'பிலிசரு' திட்டத்தைத் தொடங்கி உள்ளூராட்சி மன்றங்களில் கூட்டெரு நிலையங்களை அமைத்தது. பலாங்கொடை, வெலிகம போன்ற சிறு நகர சபைகள் குப்பையைக் கூட்டெருவாக்கி விற்றே காட்டின. ஆனால் நெல் விவசாயிக்கு 50 கிலோ இரசாயனப் பசளை 350 ரூபாவுக்குக் கிடைத்த காலம் அது. கூட்டெருவை யார் தேடுவார்? பல இடங்களில் குவிந்து கிடந்தது. பிறகு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தார்கள். அப்போது கூட்டெருவுக்கு நாடெங்கும் ஓடினார்கள். கொடுக்கப் போதியது இல்லை. நவம்பரில் தடை போயிற்று, தேடலும் போயிற்று.

இந்தியா இங்கே சற்று யோசித்தது. 2016இல் நகரக் கூட்டெருவுக்குத் தொன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தது. அதையும் நீடிக்கவிடவில்லை. கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த எருவை வயலில் போட எந்த விவசாயி சம்மதிப்பார்? பணம் கொடுத்தாலும் தரமில்லாத சரக்கு விற்காது.

பிரிக்காமல் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அம்பாறை பள்ளக்காடு சாட்சி: அங்கே காட்டு யானைகள் உணவோடு சேர்த்துப் பொலித்தீனையும் தின்று செத்தன. யாழ்ப்பாணத்துக் குப்பையோ இன்னும் கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் போகிறது. நமது சபைகள் உலை விற்க வருவோருடன் பேசும் முன் பலாங்கொடைக்கு ஒருமுறை போய்வரட்டும். எருவை வாங்கப்போகிற விவசாயிகளையும் கூட அழைத்துச் செல்லட்டும்.