பங்கேற்பும் மௌனமும்: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் ஆங்கில வகுப்பை முன்வைத்து

0. முன்னுரை

உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் மாணவர் வாய்திறப்பதில்லை என்பது இரண்டாம் மொழி கற்பித்தல் குறித்துப் பேசுவோர் பலரும் கூறும் குறையாகும். இதற்குக் காரணமாக மாணவரின் கூச்சமும் சொல்வளக் குறைவுமே பெரிதும் சுட்டப்பெறுகின்றன. பாடநூலும் ஆசிரியரின் வினாவும் மாணவருக்கு எத்தகைய இடத்தை ஒதுக்குகின்றன என்பது அந்த அளவிற்கு ஆராயப்பெறுவதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'ஹனிட்யூ'வில் 'த சுனாமி' என்னும் பாடம் இடம்பெற்றிருந்தது. அப்பாடத்தை, அதன் களமாகிய அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வகுப்பறையில் வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். 2025ஆம் ஆண்டில் 'பூர்வி' என்னும் புதிய நூல் அதன் இடத்தைப் பெற்றது. எனினும், அப்பாடத்தின் பயிற்சிகள் எழுப்பும் சிக்கல் நூலோடு நீங்கிவிடுவதன்று.

1. வகுப்பறையின் மொழிச்சூழல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் வங்க மொழியையும், 15 விழுக்காட்டினர் தமிழையும், 13 விழுக்காட்டினர் தெலுங்கையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நிக்கோபாரி, மலையாளம், சாத்ரி, குடுக் முதலிய மொழிகளைப் பேசுவோரும் உளர். 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பின் காலம் தொட்டு இந்துஸ்தானி இம்மக்களிடையே தொடர்பு மொழியாக வளர்ந்துள்ளது. 1964ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்கீழ்த் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றன.

இச்சூழலில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் பேசுகிறது. பிற மொழிகளையும் அன்றாடம் கேட்கிறது. யாரிடம் எம்மொழியில் பேசுவது என்னும் தேர்வை நாள்தோறும் பிழையின்றிச் செய்யும் அக்குழந்தையே ஆங்கில வகுப்பில் 'பேசாத மாணவர்' எனப் பெயர் பெறுகிறது. ஆகவே குறை மாணவரின் மொழித்திறனில் இருப்பதாகக் கொள்வது பொருந்தாது.

2. பாடமும் பயிற்சியும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த பேரழிவில் சிக்கிய சிலரின் அனுபவங்களை இப்பாடம் எளிய ஆங்கிலத்தில் கூறுகிறது. கச்சால் தீவின் கூட்டுறவுச் சங்க மேலாளர் ஒருவர், அதே தீவில் பணியாற்றிய காவலர் ஒருவர், அலையால் அடித்துச் செல்லப்பெற்று உயிர்பிழைத்த 13 வயதுச் சிறுமி ஆகியோர் இதில் வருகின்றனர். இந்தியாவின் எல்லாப் பகுதி மாணவரும் படிக்கும் ஒரு நூலில் இத்தீவுகள் இடம்பெற்றமை பாராட்டத்தக்கது.

பயிற்சிகளோ வேறு நிலையில் உள்ளன. முதலில் சரியா தவறா எனக் கூறும் வினாக்கள். அடுத்துப் பாடத்தைக் கொண்டு சுருக்கமாக விடையளிக்கும் வினாக்கள். பேச்சும் எழுத்தும் சார்ந்த பயிற்சி ஒன்று, நிவாரணப் பணிக்காக இத்தீவுகளுக்குச் சென்ற தன்னார்வலராகத் தன்னைக் கற்பனை செய்துகொள்ளுமாறு மாணவரைக் கேட்கிறது. தில்லியிலோ நாக்பூரிலோ படிக்கும் மாணவருக்கு இது பொருத்தமான கற்பனை. தீவின் மாணவரோ தம் சொந்த மண்ணிற்கு வெளியாராக வந்து சேர்ந்தால்தான் இப்பயிற்சியில் பங்கேற்க இயலும். அவர் அறிந்த செய்திக்கு இங்கு இடமில்லை. அவர் அறியாத ஒருவரின் பார்வைக்கே இடமுண்டு.

3. வினாவின் இயல்பு

வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த சிங்க்ளேர், கூல்தார்டு ஆகியோர் (1975) ஆசிரியர் வினவுதல், மாணவர் விடையளித்தல், ஆசிரியர் மதிப்பிடுதல் என்னும் மூன்றடுக்கு அமைப்பைக் கண்டறிந்தனர். இவ்வமைப்பில் ஆசிரியர் தாம் முன்பே அறிந்ததையே பெரிதும் வினவுகிறார். அன்றாட வாழ்வில் ஒருவர் இவ்வாறு வினவினால் அது வினாவாகாது, சோதனையாகும். வினவியபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடியளவே என்பதையும், அதனை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டித்தால் விடைகளின் நீளமும் தன்னார்வமும் கூடுகின்றன என்பதையும் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். தமிழில் எண்ணி, இந்தியில் சொல் தேடி, ஆங்கிலத்தில் தொடரமைக்கும் மாணவருக்கு ஒரு நொடி எவ்வாறு போதும்?

என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம் இங்கு நினைக்கத்தக்கது. தகவல் இடைவெளி, ஊகித்தறியும் இடைவெளி, கருத்து இடைவெளி என அவர் செயல்களை மூவகைப்படுத்தினார். மேற்குறித்த பாடத்தின் சரி-தவறு வினாக்களில் இம்மூன்று இடைவெளிகளுள் எதுவும் இல்லை. விடை எல்லார் கையிலுமுள்ள நூலில் இருக்கும்போது பேசுவதற்குத் தேவை எழுவதில்லை.

4. செயப்பாட்டு வினை: ஒரு வாய்ப்பு

இப்பாடத்தின் இலக்கணப் பகுதி செய்வினை, செயப்பாட்டு வினை வேறுபாட்டைக் கற்பிக்கிறது. உண்மையான பங்கேற்புக்கு இதுவே நல்ல களம். 'த ஹவுஸ் வாஸ் டெஸ்ட்ராய்ட்' என்னும் தொடரை மொழிபெயர்க்குமாறு கேட்டால், தமிழ் மாணவர் 'வீடு இடிந்தது', 'வீடு இடிக்கப்பட்டது', 'அலை வீட்டை இடித்தது' என மூன்று விடைகளைத் தரக்கூடும். 'இடிக்கப்பட்டது' என்றால் யாரோ வேண்டுமென்றே இடித்தார் என்னும் பொருள் தமிழில் முந்தித் தோன்றும். பேரலை செய்ததற்கு 'இடிந்தது' என்னும் தன்வினையே இயல்பானது. ஆங்கிலச் செயப்பாட்டு வினைக்கோ செய்தவரின் நோக்கம் கட்டாயமன்று. இந்தி பேசும் மாணவர் 'டூட்னா', 'தோட்னா' என்னும் இணையைக் கொண்டு இதே வேறுபாட்டை விளக்க இயலும்.

இங்கு ஆசிரியர் அறியாததை மாணவர் அறிவர். ஒரு மாணவர் அறியாததை மற்றொருவர் அறிவர். அதாவது இடைவெளி உண்மையானது. குழுச் செயலில் மாணவர் ஒருவருக்கொருவர் குறையுடைய ஆங்கிலத்தையே வழங்கிக்கொள்வர் எனப் பிரபு தயங்கினார். தாய்மொழிவாரியாக அமைந்த குழுக்களுக்கு இத்தயக்கம் பொருந்தாது. ஆய்வு அவரவர் மொழியில் நிகழும். முடிவு மட்டுமே ஆங்கிலத்தில் வகுப்பின் முன் வைக்கப்பெறும். பன்மொழியத்தை வகுப்பறையின் வளமாகக் கொள்ளுமாறு கூறிய 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பிற்கும் இது இயைந்ததே.

5. மௌனத்தின் உரிமை

மாணவரின் சொந்த அனுபவத்தையே கேட்டால் போதுமே என்று கூறுவாரும் உண்டு. இது எச்சரிக்கையோடு அணுகத்தக்கது. நூல் வெளிவந்த ஆண்டில் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் 2004இல் பத்து வயதை ஒட்டிய குழந்தைகள். பெற்றோரை இழந்த ஒரு மாணவரிடம் 'அன்று என்ன நிகழ்ந்தது?' என ஆங்கிலத்தில் வினவி, விடையின் வினைமுற்றைத் திருத்துவது பங்கேற்பை ஊக்குவிப்பதாகாது. அவருடைய துயரத்தைப் பயிற்சிப் பொருளாக்குவதே ஆகும். பிரபுவின் வகுப்புகளில் பேசுமாறு மாணவர் வற்புறுத்தப்பெறவில்லை. புரிந்துகொண்டு செயலை முடித்தலே பங்கேற்பாகக் கருதப்பெற்றது. மொழிபெயர்ப்புச் செயலின் சிறப்பும் இதுவே. அது மாணவரின் மொழியறிவை வேண்டுகிறது. அவருடைய வாழ்க்கையை வேண்டுவதில்லை. தம் கதையைக் கூற விழைபவர் கூறலாம். விழையாதவர் சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம்.

6. முடிவுரை

பேசிய சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கேற்பை அளப்பது பொருந்தாது. மாணவர் அறிந்த ஒன்று வகுப்பிற்குத் தேவைப்படும்போதே பங்கேற்பு தொடங்குகிறது. நாடு முழுமைக்கும் ஒரே பாடநூல் வழங்குவது தவிர்க்க இயலாததாயினும், பயிற்சிகளில் ஒரு பகுதியை அவ்வப் பகுதி ஆசிரியர்கள் அமைத்துக்கொள்ள இடம் விடுதல் இயலக்கூடியதே. அவ்வாறு இடம் விட்டால், தம் தீவுகளுக்குத் தாமே தன்னார்வலராகச் செல்லும் கற்பனை கச்சாலின் மாணவருக்குத் தேவைப்படாது.