ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம்

ரயில்பாதைப் பொறியியலில் பிரான்சின் முன்னோடிகளுள் ஒருவரான ஒகுஸ்ட் பெர்தொனேயின் பெயரைத் தாங்கிய, பாரிஸின் ரூ பெர்தொனே என்னும் சிறு வீதியில், யாழ்ப்பாணத்துத் தமிழ் காதில் விழ, கடைக்குக் கடை ஏறி இறங்குகிறவர் பலருக்கு, நடிகனை நடிப்புக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்னும் வினாவை மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்த அரங்கமொன்று கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறதென்பது நினைவில் எழுவதில்லை.

பூஃப் து நோர் என்ற அந்த நாடகசாலை 1876-இல் கட்டப்பெற்று, பின்னர் பல்லாண்டு பூட்டிக் கிடந்து, 1974-இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் முயற்சியால் மறுபடி திறக்கப்பட்டது. சிதைந்த சுவர்களைப் புதுப்பிக்காமலே விட்டது அவருடைய ரசனைக்குச் சான்று. 1970-இல் அவர் பாரிஸில் நிறுவிய ஆராய்ச்சி மையத்தில் பல தேசங்களிலிருந்தும் வந்து கூடிய நடிகர்களுக்குப் பொதுப் பாஷை இல்லாமையால், வசனத்தை நம்பி ஒத்திகையைத் தொடங்க வழியில்லை. ஆகவே மூங்கிற் கழி பாஷையாயிற்று. வட்டமாக நின்று, ஆளுக்கொரு கழி ஏந்தி, எவரும் ஆணையிடாமலே ஒரே கணத்தில் அனைவரும் அதைப் பக்கத்தவர்பால் எறிந்து, மறுபக்கத்திலிருந்து வருவதைப் பிடிக்க வேண்டும். கழியை மாத்திரம் பார்ப்பவன் தவறவிடுவான். பக்கத்தவனுடைய மூச்சு மாறுவதை உணர்கிறவன் கைக்கு அது தானாக வந்து சேரும். அவர் மகன் ஸைமன் புரூக் 2012-இல் எடுத்து வெளியிட்ட ஆவணப்படத்தில், இல்லாத கயிறு ஒன்றின்மேல் நடிகர்கள் நடக்கிறார்கள். நடந்து காட்ட முயலும் காலும் விழுவதற்கு உண்மையாகவே அஞ்சும் காலும் வெவ்வேறு என்பது பார்ப்பவனுக்கு அரைக்கணத்தில் விளங்கிவிடுகிறது.

புரூக்கின் மகாபாரதத்தில் (1985) துரோணராக வந்த யோஷி ஓய்தாவோ, தரை துடைப்பதிலிருந்தே பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறார். நனைத்துப் பிழிந்த துணியை இரு கைகளாலும் தரையோடு அழுத்தி, இடுப்பை உயர்த்தியபடி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தள்ளிச் செல்லும் ஜப்பானியப் பழவழக்கம் அது. உடம்பு சூடேறுகிறது, தரையும் சுத்தமாகிறது. இதனினும் சிக்கனமான பயிற்சியை நான் அறியேன்.

பெர்தொனே வீதி வந்து சேரும் ஃபோபூர் சேன் தெனி வீதியிலேயே, தெற்கே சற்றுத் தூரத்தில், பழைய தேகப்பயிற்சிக் கூடமொன்றில் 1976 முதல் நெடுங்காலம் நடந்துவந்தது ழாக் லெகோக் 1956-இல் தொடங்கிய நடிப்புப் பள்ளி. உணர்ச்சிக் குறி ஏதுமற்ற தோல் முகமூடியை மாணவனுக்கு மாட்டி, முகபாவம் மறைந்தபின் தோளும் முழங்காலும் எத்தனை பொய் சொல்கின்றன என்று அவனைக் காணச் செய்தார் அவர். அமெரிக்காவில் குடியேறியோரின் குழந்தைகளிடையே பணிசெய்து வயோலா ஸ்போலின் உருவாக்கிய நடிப்பு விளையாட்டுகள் 1963-இல் நூலாகிப் பரவின. எதிரெதிரே நிற்கும் இருவருள் தொடங்கியவர் யார், தொடர்ந்தவர் யார் என்பதே தெரியாமற் போகும் கண்ணாடிப் பயிற்சி அவற்றுள் பேர்பெற்றது. இன்று இவை கம்பெனி உத்தியோகஸ்தருக்கு மன அமைதி தரும் அரைநாள் கேளிக்கையாகவும் விலைபோகின்றன. வேண்டியவர் வாங்கட்டும், அவசியத்தில் பிறந்த ஒன்று அவசியம் நீங்கியபின் பொழுதுபோக்காவது இயல்பே.

பிரேஸிலின் இராணுவ ஆட்சியால் நாடு நீங்கிய நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் 1979-இல் பாரிஸில் ஒரு மையம் அமைத்தார். ஒருவன் தன் உள்ளங்கையை மற்றவன் முகத்துக்குச் சாண் தூரத்தில் பிடித்து, அவனைக் குனியவும் வளையவும் தவழவும் வைக்கும் அவருடைய பயிற்சி, சோதனைச் சாவடியைக் கடந்து வந்தவனுக்கு வெறும் விளையாட்டாகத் தோன்றாது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலந்தொட்டு, அரங்க விளையாட்டும் களப்பயிற்சியும் ஈழத்து நாடகக்காரரின் அன்றாடச் சொற்களாயின. கிளித்தட்டு விளையாட்டில் முன்னே மறிப்பவனையும் முதுகுப்பக்கம் ஓடிவரும் கிளியையும் ஒருசேரக் கவனித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வகை அவதானம் புதிதுமன்று.

ஆயினும் இப்பயிற்சிகளிலெல்லாம் ஆயத்தம் வேறு, ஆட்டம் வேறு என்று பிரிந்து நிற்பதே எனக்குக் குறையாகப் படுகிறது. தெருக்கூத்தில் அப்பிரிவினை இல்லை. இரவு தொடங்கியதும் களரி கட்டும் மத்தள ஓசை கேட்டுக்கொண்டிருக்கையில், கூத்தன் தன் கையாலேயே அரிதாரம் பூசி, கோடுகளை இழுத்து, மரத்தாலான புஜக்கட்டையையும் கிரீடத்தையும் இறுகக் கட்டி, சலங்கையை அணிந்து முடிப்பதற்குள் நாழிகைகள் கழிகின்றன. கட்டுகள் ஏற ஏற நடையும் குரலும் மாறி, திரைக்குப் பின்னால் நின்று பாட்டெடுக்கும்போது அவன் பாதி துரியோதனனாகியிருப்பான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஊர் வம்பை அந்தக் கணத்திலேயே கதைக்குள் இழுத்துப் பேசும் மனோதர்மமும் இவ்வாறு ஊறிய உடம்பில்தான் பிறக்கிறது.

இதைப் பாரிஸும் அறியாமலில்லை. லெகோக்கின் மாணவியான அரியான் முனுஷ்கின் 2016-இல் மேடையேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்காக, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவருடைய நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்றுவித்தார். வன்சேன் காட்டிலுள்ள முனுஷ்கின் குழுவினரின் நாடகசாலையில், நடிகர் ஒப்பனை செய்துகொள்வதைப் பார்வையாளர் காணும்படி விட்டிருப்பது நெடுநாளைய வழக்கம். புரிசையிலிருந்து போன வாத்தியாருக்கு அதில் வியப்படைய ஒன்றும் இருந்திராது.