தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: ரசிகர்களும் பெயர்களும்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த சுயாதீன இசைக்குழு. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. குழுவின் பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்தை ஒட்டியது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ராக், ராப் ஆகியவற்றுடன் ஒரே மேடையில் சமமாக ஒலித்தது. இதுவே குழுவின் முதன்மையான சாதனை.

ரசிகர்களின் ஆர்வம் இக்குழுவுக்குப் பலமாக இருந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை முன்வைத்து வந்த ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில், அதை எழுதிய அறிவு இடம்பெறவில்லை. ரஞ்சித்தும் ரசிகர்களும் கேள்வி எழுப்பினர். பிறகு அறிவுக்கென ஓர் அட்டையை இதழ் வெளியிட்டது.

ஆனால் அதே ஆர்வம் ஓரிரு முகங்களோடு நின்றுவிடுகிறது. 19 பேருடன் தொடங்கிய குழுவில் அறிவையும் இசைவாணியையும் அறிந்த பலருக்குச் சட்டியும் கட்டமொளமும் அடித்தவர்களின் பெயர் தெரியாது. ஏழாயிரம்பண்ணை போன்ற கரிசல் ஊர்களுக்கு இவ்விசை கைபேசி வழியாகவே வந்து சேர்கிறது. அதைக் கொண்டாடும் காது, தன் ஊர்ப் பறையை இழிவாகக் கேட்டால், குழுவின் பெயர் வெறும் பெயராகவே எஞ்சும்.